கிளை கொடுக்கும் வாக்கு

நிரலில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் கருவி கிட். நிரலும் அந்த வரலாறும் இருக்கும் களஞ்சியம்தான் ரெப்போ. கிட் ரெப்போ ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும் ‘.கிட்’ கோப்புறையைத் திறந்து, ‘ரெஃப்ஸ்’, அதற்குள் ‘ஹெட்ஸ்’ என்று போய்ப் பாருங்கள். மற்றதைத் தொடாமல் தனியாக வேலை செய்யப் பிரித்துக்கொள்ளும் ஒவ்வொரு கிளைக்கும் வழக்கமாக அதன் பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் ஒரே ஒரு கமிட்டின் (பதிந்துவைத்த ஒரு மாற்றம்) 40 எழுத்து ஹாஷ், அதாவது அதன் அடையாளக் குறி, கடைசியில் ஒரு வரிமுறிவு. மொத்தம் 41 பைட். நிரல் பத்தாயிரம் வரியானாலும் ஒரு கோடி வரியானாலும் புதுக் கிளைக்கு ஆகும் செலவு அவ்வளவுதான். கிட்டுக்கு முந்தைய சி.வி.எஸ். கருவியின் காலத்தில் கிளை போட ஒவ்வொரு கோப்பிலும் குறி வைக்க வேண்டியிருந்தது. பெரிய திட்டங்களில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். இன்று ஒரு வரிக் கட்டளை போதும் என்பதால் யோசிக்காமல் போட்டுக்கொண்டே போகிறோம்.

கணினிக்கு 41 பைட் என்பது சரி. ஆனால் அந்தக் கிளையை இன்னொருவர் இழுத்துக்கொண்டுபோய் அதன்மேல் தன் வேலையைக் கட்ட ஆரம்பித்துவிட்டால், அன்றிலிருந்து அது நான் அவருக்குக் கொடுத்த வாக்கு. இதன் வரலாறு மாறாது, இதில் வருவதெல்லாம் சோதித்துப் பார்த்தது, இதில் புது வசதி எதுவும் திடீரென்று நுழையாது என்று அவர் ஏதோ ஒன்றை நம்பித்தான் இழுக்கிறார். நான் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் நம்புவார். நிரல் எழுதுவதைவிட, எந்தக் கிளை யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வதுதான் மெயின்டெய்னரின், அதாவது திட்டத்தைப் பராமரிப்பவரின், முதல் வேலை என்று நினைக்கிறேன்.

நான் பார்த்துக்கொள்வது சின்ன நூலகம். திஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்து வைத்த தமிழை யூனிகோடுக்கு மாற்றித் தரும் பைதான் நிரல். பழைய சிற்றிதழ்களின் கோப்புகளை மீட்பவர்கள், ஊர் வரலாற்று மலர்களை இணையத்தில் ஏற்றுபவர்கள், அச்சகத்தில் கிடந்த வட்டுகளைத் தேடியெடுத்தவர்கள் என்று சிலர் அதை நம்பியிருக்கிறார்கள். சின்னத் திட்டத்துக்கு இவ்வளவு ஒழுங்கு எதற்கு என்று கேட்பார்கள். பெரிய திட்டத்தில் ஒருவர் கவனிக்காவிட்டால் இன்னொருவர் கவனிப்பார். சின்னத் திட்டத்தில் அப்படி யாரும் இல்லை. அதனால்தான் ஒழுங்கு அதிகம் தேவைப்படுகிறது.

இந்த ஒழுங்கை எங்கே கற்றுக்கொள்வது என்று யாராவது கேட்டால், கிட் திட்டத்தையே பாருங்கள் என்பேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் நின்றுபோனதும், 2005 ஏப்ரலில் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹமானோ அதைத் தாங்கிவருகிறார். அந்த ரெப்போவின் கிளை அமைப்பு வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதைவிடச் சிறந்த பாடம் கிடைத்ததில்லை.

அங்கே நிரந்தரமான கிளைகள் சில மட்டுமே. ‘மெயின்ட்’ என்பது கடைசியாக வெளிவந்த பதிப்பின் பிழைத்திருத்தங்களுக்கு மட்டும். ‘மாஸ்டர்’ அடுத்த பதிப்பை நோக்கிப் போவது. வெளிவந்த எந்தப் பதிப்பையும்விட இது உறுதியாக இருக்க வேண்டும் என்பது அங்கே கொள்கை. ‘நெக்ஸ்ட்’டில் இருப்பவை நல்ல நிலைக்கு வந்துவிட்டவை, ஆனால் இன்னும் புழங்கிப் பார்க்க வேண்டியவை. ‘சீன்’ என்ற கிளை, ஹமானோவின் கண்ணில் பட்ட மற்ற முயற்சிகளையெல்லாம் சேர்த்து வைத்திருப்பது. 2020 வரை அதற்கு ‘பியு’ என்று பெயர்.

இந்தக் கிளைகளின் வரலாறு மாறுமா, மாறாதா என்பதில்தான் பாடமே இருக்கிறது. மாஸ்டரும் மெயின்டும் பின்னோக்கிப் போகவே போகாது. நெக்ஸ்ட் வழக்கமாக மாறாது. ஒரு பெரிய பதிப்பு வெளிவந்த பிறகு மட்டும் அதைப் புதிதாகக் கட்டுவார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சீன் கிளையோ திரும்பத் திரும்பக் கலைத்துக் கட்டப்படுவது. அதன்மேல் யாரும் வேலையைக் கட்டக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆக, கிளைக்குக் கிளை வாக்கு வேறு, அந்த வாக்கு எழுத்திலும் இருக்கிறது. ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள கிளையின் வரலாற்றை நம்முடையதால் அடித்து மாற்றுவது) நல்லதா கெட்டதா என்று ஆண்டுக்கணக்கில் நடக்கும் விவாதத்துக்கு இங்கே அமைதியாக ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: மாறும் என்று சொல்லி வைத்த கிளையில் செய்யலாம், மாறாது என்று நம்பப்படும் கிளையில் செய்யக்கூடாது.

பங்களிப்பாளர்கள் அனுப்பும் ஒவ்வொரு பேட்ச் தொகுப்பும், அதாவது மாற்றங்களின் தொகுப்பும், தனித்தனித் தலைப்புக் கிளையாகவே தொடங்குகிறது. எழுதியவரின் பெயரின் முதலெழுத்துகள், ஒரு சாய்கோடு, பிறகு விஷயம் என்று பெயர். முதலில் சீனில் சேரும், பிறகு நெக்ஸ்டுக்கு வரும், அங்கே வழக்கமாக ஒரு வாரமாவது இருந்துவிட்டு மாஸ்டருக்குப் போகும். நெக்ஸ்ட் கிளை முழுவதையும் மாஸ்டரில் மெர்ஜ் செய்வதில்லை, அதாவது இணைப்பதில்லை, என்பதைக் கவனிக்க வேண்டும். முதிர்ந்த தலைப்பு மட்டும் தனியாக மாஸ்டரில் மெர்ஜ் ஆகிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு தலைப்பு பாதியில் நின்றால் அது நெக்ஸ்டிலேயே காத்திருக்கும், யாரையும் தடுக்காது. ‘டெவலப்’ என்று ஒரே கிளையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஒரு வசதி தயாராகாததால் பதிப்பையே தள்ளிப்போடும் திட்டங்கள் எத்தனை! அவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

‘என்ன வேகிறது’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஹமானோ அடிக்கடி ஒரு மடல் அனுப்புவார். ஒவ்வொரு தலைப்புக் கிளையும் அதில் இருக்கும். அதன் கீழே ஒரு வரித் தீர்ப்பு: நெக்ஸ்டில் சேர்க்கப்படும், மாஸ்டரில் சேர்க்கப்படும், மறுவடிவத்துக்காகக் காத்திருக்கிறது, பார்வையிட ஆள் தேவை. பேட்ச் அனுப்பியவர் தன் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் பதிலில்லாமல் கிடக்கும், ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும் புல் ரிக்வெஸ்டைப்போல ஒரு புதுப் பங்களிப்பாளரை விரட்டுவது வேறெதுவும் இல்லை. ‘முடியாது, இதனால் முடியாது’ என்று இரண்டே வரியில் சொன்னாலும் அவர் மறுபடி வருவார். அதனால் என் திட்டத்தில் திறந்திருக்கும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் அந்த ஒரு வரி நிலையை எழுதி வைக்கிறேன். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, ஒரு உரைக்கோப்பு போதும்.

சீன் கிளையைத் தினமும் கலைத்துக் கட்டினால் கிளைகள் ஒரே வரியை வேறு வேறாக மாற்றியதால் வரும் அதே மோதலைத் தினமும் தீர்க்க வேண்டாமா என்று தோன்றும். அதற்குத்தான் கிட்டில் ‘ரெரெரெ’ என்ற வசதி. ஒரு மெர்ஜ் மோதலை நாம் எப்படித் தீர்த்தோம் என்பதை அது பதிந்துகொள்ளும். அதே மோதல் திரும்ப வந்தால் அதே தீர்வைத் தானே போட்டுவிடும். பல ஆண்டுகள் கிட் பயன்படுத்தியவர்கள்கூட இதைத் தொட்டதில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நீண்ட நாள் வாழும் கிளையை ரீபேஸ் செய்துகொண்டே (புது அடித்தளத்தின்மேல் மாற்றி வைத்துக்கொண்டே) இருப்பவர்கள் இன்றே அமைப்பில் ஒரு வரி சேர்த்து இதை இயக்கி வையுங்கள். உழைப்பு குறையும்.

அடுத்து, பிழைத்திருத்தம் எந்தக் கிளையில் பிறக்க வேண்டும்? கிட் திட்டத்தின் வழி: அந்தப் பிழை இருக்கிற, இன்னும் ஆதரவில் உள்ள மிகப் பழைய கிளையிலிருந்து தலைப்புக் கிளையைப் பிரித்துத் திருத்து. பிறகு அதை மேல்நோக்கி மெர்ஜ் செய்துகொண்டே வா. மெயின்டில் உள்ளதெல்லாம் மாஸ்டரிலும் இருக்கும் என்பதை ஒரே கட்டளையில் சரிபார்த்துவிடலாம். லினக்ஸ் கெர்னல் இதற்கு நேரெதிர். அங்கே திருத்தம் முதலில் லினஸின் முதன்மைக் கிளையான மெயின்லைனில் சேர வேண்டும். சேர்ந்த பிறகே கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் அவருடன் இருப்பவர்களும் அதை, வெளிவந்த பதிப்புகளைப் பராமரிக்கும் ஸ்டேபிள் கிளைகளுக்குச் செர்ரி-பிக் செய்வார்கள், அதாவது அந்தக் கமிட்டை மட்டும் நகலெடுத்துச் சேர்ப்பார்கள். மெயின்லைனில் இல்லாத திருத்தத்தை ஸ்டேபிளில் ஏற்பதில்லை என்பது எழுதி வைத்த விதி.

ஒன்று கீழிருந்து மேலே, மற்றது மேலிருந்து கீழே. ஆனால் இரண்டும் காப்பாற்றும் வாக்கு ஒன்றுதான்: பழைய பதிப்பில் சரிசெய்யப்பட்ட பிழை, புதுப் பதிப்புக்கு மாறும்போது திரும்ப முளைக்கக்கூடாது. பயனரின் நம்பிக்கையை இதைவிட வேகமாக அழிப்பது எதுவுமில்லை. செர்ரி-பிக் வழியில் போகிறவர்கள் அந்தக் கட்டளையோடு ‘எக்ஸ்’ என்ற சுவிட்சையும் சேர்க்க வேண்டும். அப்போது மூலக் கமிட்டின் ஹாஷ் புதுக் கமிட்டின் செய்தியில் பதியும். செர்ரி-பிக் ஆன கமிட்டுக்கு ஹாஷே வேறு என்பதால், அந்த வரி இல்லாவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடித் திண்டாட வேண்டியதுதான்.

என் திட்டத்தில் பழைய பைதானில் ஓடும் சர்வர்களுக்காக ஒரு பராமரிப்புக் கிளையும், முதன்மைக் கிளையான மெயினும் இருக்கின்றன. எது எங்கே போக வேண்டும் என்ற கேள்வி அங்கே எப்படி வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஸ்ரீ என்ற எழுத்து. பழைய எழுத்துருக்களில் அதற்கு ஒரே ஒரு குறியீடு. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ‘ஸ’வில் தொடங்கி, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று எழுதுவது ஒன்று. ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்குவது மற்றொன்று. 2005-இல் யூனிகோட் 4.1 வந்தபோதுதான் அந்த ‘ஶ’ சேர்க்கப்பட்டது. அதற்கு முன் எல்லாரும் ‘ஸ’வில்தான் எழுதினார்கள், இன்றும் பெரும்பாலானோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தாலும் ஒன்றாகாது. ‘ஒ’கரக் குறி அப்படியில்லை. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் இயல்பாக்கம் அவற்றைச் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும்.

ஒரு நண்பர் இரண்டு திருத்தங்களை ஒரே புல் ரிக்வெஸ்டில் அனுப்பினார். ஒன்று, கொம்பைப் பற்றியது. திஸ்கியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டச்சாகும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். வரி முடிவில் கொம்பு வந்து மெய் அடுத்த வரிக்குப் போயிருந்தால் நிரல் இடம் மாற்றாமல் விட்டுவிட்டது. இரண்டாவது, ஸ்ரீயை ‘ஶ’ கொண்டு வெளியிடும் மாற்றம். எழுத்தின் வரலாறு, மூலம் எல்லாம் எடுத்துச் சொல்லி நன்றாகவே வாதிட்டிருந்தார்.

கொம்புத் திருத்தம் சந்தேகமில்லாத பிழைத்திருத்தம். யாரும் அந்தப் பிழையை நம்பியிருக்க முடியாது. அதைப் பராமரிப்புக் கிளையிலிருந்து பிரித்து, அங்கே சேர்த்து, மேலே மெயினுக்கு மெர்ஜ் செய்தோம். ஸ்ரீ அப்படியில்லை. ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பக்கங்களை மாற்றித் தரவுத்தளத்தில் ஏற்றி வைத்திருப்பவர், இந்தச் சின்னப் பதிப்பை நிறுவிவிட்டு மேலும் நூறு பக்கம் மாற்றினால், அன்றிலிருந்து ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாததால் காரணமும் பிடிபடாது. மாற்றம் சரியா தவறா என்பதை விட்டுவிடுங்கள். பராமரிப்புக் கிளை அவருக்குக் கொடுத்த வாக்கை அது மீறுகிறது. எனவே அது மெயினுக்கு மட்டும் போனது, அங்கும் பயனர் கேட்டால் மட்டும் செயல்படும் தெரிவாக. இரண்டையும் இரண்டு புல் ரிக்வெஸ்டாகப் பிரித்துத் தரக் கேட்டேன். நண்பர் பொறுமையாகப் பிரித்துத் தந்தார்.

ஒரு கமிட்டில் ஒரு மாற்றம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவே காரணம். ஒட்டிக்கொண்டு வந்தால் ஒன்றை மட்டும் பழைய கிளைக்கு எடுத்துப்போக முடியாது. பிழை நுழைந்த கமிட்டைத் தேடும் பைசெக்ட் என்ற கட்டளையும் மாற்றங்கள் தனித்தனியாக இருந்தால்தான் பயன்படும். ஆயிரம் கமிட்டுகளுக்குள் எங்கே பிழை நுழைந்தது என்பதைப் பாதி பாதியாகப் பிரித்து ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நடுவில் உள்ள ஒவ்வொரு கமிட்டும் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும், கண்டுபிடித்த கமிட் இருபது வரியாக இருக்க வேண்டும். இரண்டாயிரம் வரி கொண்ட பல மாற்றங்களை ஒன்றாக அழுத்திய ஒற்றை ஸ்க்வாஷ் கமிட்டில் போய் முடிந்தால் பைசெக்ட் செய்ததற்கே பொருளில்லை. இடைவெளி, உள்தள்ளல் மாற்றங்களைத் தனிக் கமிட்டாக வைத்து, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் ப்ளேம் அதைத் தாண்டிப் போகும்படி ஒரு புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

சொல்லாத வாக்கையும் மக்கள் நம்புவார்கள் என்றேன். 2023 ஜனவரி இறுதியில், ரெப்போக்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப், டேக்குகளிலிருந்து (ஒரு பதிப்பைக் குறிக்கும் பெயர்கள்) தானாக உருவாக்கித் தரும் சுருக்கக் கோப்புகளைத் தயாரிக்கும் முறையை மாற்றியது. கிட்டின் புதிய பதிப்பு, ஜிஜிப் என்ற வெளிச் சுருக்கக் கருவியை விட்டுத் தனக்குள்ளேயே சுருக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்த நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சுருக்கப்பட்ட பைட்டுகள் மட்டும் மாறின, அதனால் கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம்மும் மாறியது. அந்தச் செக்சம்மைத் தங்கள் பில்டுகளில் (நிரலைக் கட்டும் முறைகளில்) எழுதி வைத்திருந்த திட்டங்கள் வரிசையாக உடைந்தன. மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த பைட்டுகள் மாறாது என்று வெளிப்படையாக எழுதி வைத்த வாக்கு எதுவும் இல்லை, ஆனால் அத்தனை பேர் அதன்மேல் கட்டியிருந்தார்கள்.

டேக் விஷயத்தில் நான் இன்னும் கடுமை. வெளியிட்ட டேக்கை நகர்த்தவே கூடாது. தவறான கமிட்டில் விழுந்துவிட்டால் அடுத்த எண்ணில் புதுப் பதிப்பு போட வேண்டியதுதான். பதிப்பு எண்ணுக்கு விலை கிடையாது. வெளியிடும் தொகுப்பு அந்த டேக்கிலிருந்து யார் கட்டினாலும் வர வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் பின்கதவு (ரகசிய நுழைவழி) இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தாரே, அதில் கவனிக்க வேண்டியது: 5.6.0, 5.6.1 பதிப்புகளில் நஞ்சின் ஒரு பகுதி சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ரெப்போவிலேயே இருந்தது. ஆனால் அதை பில்டின்போது உயிர்ப்பிக்கும் எம்4 ஸ்கிரிப்ட் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும்தான் இருந்தது, கிட்டில் இல்லை. ரெப்போவை வரிவரியாகப் படித்தவருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. கிட்டில் இருப்பதும் கையில் கிடைப்பதும் ஒன்றே என்ற வாக்கின் இடைவெளியில் நுழைந்த தாக்குதல் அது. தனியொருவராகப் பல ஆண்டுகள் அந்த நூலகத்தைக் காத்தவரின் களைப்பும் அதில் பயன்படுத்திக்கொள்ளப்பட்டது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

காப்புப் பிரதி பற்றி ஒன்று. கிட் பரவலான அமைப்பு, எல்லாரிடமும் நகல் இருக்கிறது, எதற்குப் பேக்கப் என்பார்கள். 2013 மார்ச்சில் லினக்ஸுக்கான மேசைத்தள மென்பொருள் எழுதும் கேடிஇ திட்டத்தின் முதன்மை கிட் சர்வரில் கோப்பு முறைமை சிதைந்தது. ஏறத்தாழ 1500 ரெப்போக்கள். உலகெங்கும் நகல் வைத்திருந்த மிரர் சர்வர்கள், மிரர் என்ற வேலையைச் சரியாகவே செய்தன. மூலத்தில் என்ன இருந்ததோ அதை, சிதைவோடு சேர்த்து, நகலெடுத்துக்கொண்டன. சிதைவு எட்டாமல் தப்பிய ஒரு நகலிலிருந்துதான் மீட்டார்கள். மூலத்தில் நீங்கியது தன்னிலும் நீங்கும் நகல் பேக்கப் ஆகாது. வாரம் ஒருமுறை ‘பண்டில்’ கட்டளையால் எல்லாக் கிளைகளையும் டேக்குகளையும் ஒரே கோப்பாக்கி, தேதி போட்டு வேறிடத்தில் வைக்கிறேன். வைத்த கோப்பிலிருந்து குளோன் செய்து பார்ப்பதும் அதே ஸ்கிரிப்டில் இருக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் பில்டுகளைத் தானாக ஓட்டும் மென்பொருளான ஜென்கின்ஸின் திட்டத்தில் 150-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள்மேல் தவறுதலாக ஃபோர்ஸ் புஷ் நடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. எல்லாருக்கும் எல்லா ரெப்போவிலும் எழுதும் உரிமை இருந்தால் ஒரு தவறான கட்டளை போதும். கிளைப் பாதுகாப்பை இயக்கி, முக்கியக் கிளைகளில் ஃபோர்ஸ் புஷ்ஷை மெயின்டெய்னருக்கும் சேர்த்தே தடுத்து வையுங்கள். சொந்தத் தலைப்புக் கிளையில் தேவைப்பட்டால் ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ பயன்படுத்துங்கள். நாம் கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு வேறு யாராவது புஷ் செய்திருந்தால் அது மறுத்துவிடும்.

கடைசியாக, கிளையை முடித்துவைப்பது. மெர்ஜ் ஆன தலைப்புக் கிளையை அன்றே அழித்துவிடுகிறேன். கமிட்டுகள் மெயினில் இருக்கின்றன, 41 பைட் பெயர்ப்பலகை மட்டும் போகிறது. பராமரிப்புக் கிளையை மூடுவது அவ்வளவு எளிதல்ல, அதன் வாக்கை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். என் நூலகத்தின் பழைய கிளைக்கு இப்போது முடிவுத் தேதி வைத்திருக்கிறேன். அறிமுகக் கோப்பான ரீட்மீயின் முதல் வரியிலேயே அதைப் போட்டாகிவிட்டது. அந்த நாளுக்குள் வருகிற பிழைத்திருத்தங்களை வழக்கம்போல அங்கேயே திருத்தி மேலே மெர்ஜ் செய்வோம். பிறகு கையொப்பமிட்ட கடைசி டேக் ஒன்று விழும், கிளை அழியும். அதற்குப் பின்னும் பழைய பைதானை விட முடியாதவர்கள் இருந்தால், அந்த டேக்கிலிருந்து கிளை பிரித்து அவர்களே தொடரலாம். அப்படித் தொடர விரும்புகிறவர் யாராவது இருந்தால் இப்போதே எழுதுங்கள், மூடுவதற்கு முன் சேர்ந்து சில வெளியீடுகள் செய்து பார்க்கலாம்.